எல்லை மாதா கோவிலும் விட்டுப்போன இரண்டு வரியும்

சேசு மரி சூசை துணை

பாலையடிக்குளம்
12.11.2024

அன்புள்ள தம்பி டேமியனுக்கு,

அக்கா சவரியம்மாள் எழுதுவது. என் கால் வீக்கம் வற்றிவிட்டது. சேமக்காலைக் கல்லறைகள் தெரியும் இடம் வரை தடியில்லாமல் நடக்கிறேன். உன் இருமல் எப்படி? அங்கே குளிர் இறங்கியிருக்கும். நெஞ்சை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

லக்ஷனா போனை என் காதில் வைத்துவிட்டு, “மாமா கதைக்கிறார் அம்மா” என்று கத்துகிறாள். எனக்குக் கேட்பது இரைச்சல்தான். சண்டையில் போன இடக்காதோடு இப்போது வலக்காதும் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் இனி நமக்குக் கடிதம்தான், தம்பி.

எழுதத் தொடங்கிய காரியம் எங்கள் கோவில். போன மாதம் வனத் திணைக்களத்தார் வந்து கோவிலுக்கு முன்னால் எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். கோவில், மடம், சேமக்காலை எல்லாமே காட்டுக்குள் என்று அவர்களுடைய வரைபடம் சொல்கிறதாம். “இஞ்சை ஒரு கோவில் இருந்ததுக்கு என்ன சாட்சி?” என்று கேட்கிறார்கள். பீடத்துக் கல்லும் மேற்குச் சுவரும் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. அது எந்தக் காலத்துச் சுவரோ தெரியாது என்கிறார்கள். விசாரணை வைப்பார்களாம்.

புதிதாக வந்திருக்கும் கிளமென்ற் பாதர் கோவிலின் வரலாற்றை எழுதிக் கொடுக்கப் பார்க்கிறார். கோவிலைக் கட்டியவர் ஒகுஸ்த் சுவாமி என்ற பிரெஞ்சுக்காரர், அவருடைய சபையின் பழைய கடிதங்கள் பாரிசில் இருக்கும் என்கிறார். உன்னைக் கேட்கச் சொன்னார். இன்னொன்றும் கேட்கச் சொன்னார். மடத்துத் துறவிகளில் கடைசிவரை இருந்து, இன்று உயிரோடிருப்பது நீ ஒருவன்தான். 2008 ஆனியில் மடத்தை விட்டுப் புறப்பட்டது எப்படி, என்னென்ன எடுத்தீர்கள், என்னென்ன விடுபட்டது என்று உன் கையால் எழுதி அனுப்பு.

என் கதை உனக்குத் தெரியும்தானே. மாடு அவிழ்க்கப் போன என் மனுசனைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.
அன்பு அக்கா
சவரியம்மாள்


லா சப்பல், பாரிஸ்
08.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கால் சுகமானது பெரிய ஆறுதல். எனக்கு இருமல் வந்து வந்து போகிறது, கவலைப்படாதீர்கள். இன்று அமலோற்பவ மாதா திருநாள். வேலைக்குப் போகும் முன் தெரு முனைக் கோவிலில் உங்கள் எல்லோருக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

கோவிலுக்கு வந்த நிலைமையைப் படித்து மனம் ஆறவில்லை. ஒகுஸ்த் சுவாமியின் கடிதங்களை நான் தேடுகிறேன். சபையின் பழைய காகிதங்கள் சென் தெனிப் பக்கம் ஒரு வீட்டில் இருப்பதாக அறிந்தேன். எனக்கு விடுமுறை திங்கட்கிழமைகளில் மட்டும்தான். மற்ற நாட்களில் கோப்பை கழுவி, சமையலறை துடைத்து, அறைக்கு வர உடம்பு முறிந்துவிடும். ஆனாலும் போவேன். இங்கே கடைத் தெருவில் எதை வாங்கப் போனாலும் ஊர்ச் சத்தம் கேட்கிறது. “அண்ணை, முருங்கைக்காய் வந்திருக்கு” என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் பாலையடிக்குளத்தை அறிந்தவர் ஒருவரும் இல்லை.

கடைசி நாட்களைப் பற்றி எழுத என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை, அக்கா. எல்லோரையும்போலத்தான் புறப்பட்டோம். பழைய கடிதங்கள் கிடைத்தால் அதுவே போதுமான சாட்சியாக இருக்கும்.

லக்ஷனாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு.
தம்பி
டேமியன்


சேசு மரி சூசை துணை

பாலையடிக்குளம்
10.01.2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். மார்கழி 25 நத்தார் பூசையை இந்த முறை எல்லைக்கல்லுக்கு இப்பால் தெருவோரத்தில் தறப்பாள் கட்டி வைத்தோம். கல்லைத் தாண்டினால் வழக்குப் போடுவார்களாம். பாதர் அப்பம் உயர்த்தியபோது எல்லோரும் பீடத்தைப் பார்க்காமல், பின்னால் இடிந்து நிற்கும் கோவிலையே பார்த்தார்கள். நானும்தான்.

நீ பழைய கடிதத்தைத் தேடுவது நல்லது. ஆனால் பாதர் ஞானஸ்நானப் புத்தகத்தைப் பற்றி விடாமல் கேட்கிறார். ஐம்பத்திரண்டாம் ஆண்டு தொடங்கிய அந்தப் பெரிய புத்தகம், நீ பீடத்துக்குப் பின்னறையில் வைத்திருந்தது. அது இருந்தால் ஒருவரும் வாய் திறக்க முடியாது என்கிறார். பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், தாய் தகப்பன் பெயரும், மடத்துத் தலைவர் பெரிய சுவாமியின் கையெழுத்தும் அதில் இருக்கும். அதற்கு என்ன நடந்தது என்று நீ ஒரு சொல்லும் எழுதவில்லையே.

நான் வியாழக்கிழமைகளில் இன்னும் பட்டினத்துக்குப் போய், காணாமற்போனோருக்காகப் போராடும் கொட்டகையில் இருக்கிறேன். அவருடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு. லக்ஷனா, “போதும் அம்மா” என்கிறாள். அவளுடைய கலியாணத்தில் தகப்பன் படத்தை வைக்க நான் விடவில்லை என்று அவளுக்கு இன்னும் கோபம். உயிரோடிருக்கிற மனுசனின் படத்துக்கு ஏன் மாலை என்று சொன்னேன். உண்மையில் எனக்கு அவர் மேல்தான் கோபம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை விட்டு மாட்டுக்குப் போன மனுசன், தம்பி. அதுதான் எனக்கு ஆறவில்லை. ஷெல் வந்தது, ஆமி வந்தது, அதெல்லாம் எல்லோருக்கும் வந்தது. மாட்டுக்குப் போனது இவர் ஒருவர்தான்.

நீ ஏன் அங்கியைக் கழற்றினாய் என்று பாதர் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன்.

அன்பு அக்கா
சவரியம்மாள்


லா சப்பல், பாரிஸ்
23.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நான்கு திங்கட்கிழமைகள் அந்த வீட்டுக்குப் போனேன்.

காகிதங்களைக் காப்பவர் தியரி என்ற வயதானவர். முதல் நாள் என் பிரெஞ்சு அவருக்கு விளங்கவில்லை. “பாலையடிக்குளம்” என்று எழுதிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நான்காம் நாள் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து, “உங்கள் ஊர் இதுதானா?” என்று கேட்டார். உள்ளே ஒகுஸ்த் சுவாமி 1889 மார்கழியில் தன் சபைத் தலைவருக்கு எழுதிய கடிதம் இருந்தது. ஊர்ப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் பார்த்து, அதன் மேல் விரலை வைத்தேன். தியரி பக்கத்திலிருந்து எழுத்தைக் கூட்டி வாசிக்க, நான் தமிழில் எழுதினேன். மூலத்தின் பிரதியையும் இத்துடன் வைத்திருக்கிறேன். என் மொழிபெயர்ப்பு இது:

‘எங்கள் சிற்றாலயத்துக்குத் தெற்கே இருப்பதுதான் மனிதர் பெயர் வைத்த கடைசிக் குளம். அதற்கப்பால் காடு. வண்டிக்காரர்கள் சமயம் பார்க்காமல் இங்கே இறங்கி ஒரு விளக்கு ஏற்றிவிட்டுத்தான் காட்டுப் பாதையில் மாட்டை விடுகிறார்கள். அவர்கள் வைத்த பெயர்தான் எல்லை மாதா. சுவரைக் களிமண்ணால் எழுப்பினோம். மேற்குச் சுவரை யானை ஒருமுறை தள்ளிவிட்டது, மறுபடி கட்டினோம். கோவிலும் மூன்று சகோதரர்கள் தங்கும் மடமும் சேமக்காலையும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. கிழக்கே ஓடை, மேற்கே பாலை மரங்கள். சேமக்காலையில் முதலில் புதைக்கப்பட்டவர் எங்கள் சகோதரர் லூயி. மணியை வண்டியில் கொண்டு வரும் வழியில் காய்ச்சல் கண்டு இறந்தார். மணி வந்து சேர்ந்தது. கோவிலுக்கு வரும் சனம் மாதந்தோறும் கூடுகிறது.’

ஓடை, பாலை மரம், வேலி எல்லாம் அன்றே எழுதப்பட்டிருக்கின்றன. பாதரிடம் கொடுங்கள். இது போதும் என்று நினைக்கிறேன்.

கொட்டகையில் வெயிலில் இருக்காதீர்கள்.
தம்பி
டேமியன்


சேசு மரி சூசை துணை

பாலையடிக்குளம்
22.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிறேன். உன் கடிதத்தை ஞாயிறு பூசையில் பாதர் வாசித்தார். எனக்குக் கேட்காதென்று லக்ஷனா பக்கத்திலிருந்து விரலால் வரி வரியாய்க் காட்டினாள். யானை சுவரைத் தள்ளிய இடத்தில் சனம் சிரித்தது. வெகு காலத்துக்குப் பிறகு அந்த இடத்தில் கேட்ட சிரிப்பு என்று பாதர் சொன்னாராம்.

ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, திணைக்களத்தார் அந்தக் கடிதத்தை ஏற்கவில்லை. “நூற்றி முப்பது வருஷத்துக்கு முந்தி இருந்திருக்கலாம். கடைசிச் சண்டை வரைக்கும் இருந்ததெண்டதுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டார்கள். விசாரணை ஆவணி 14. புத்தகம் இல்லாவிட்டால் கஷ்டம் என்று பாதர் சொல்கிறார்.

மற்றது, பாதர் நீ அனுப்பிய பிரதியைத் தன் போனில் போட்டுத் தமிழாக்கிப் பார்த்திருக்கிறார். நீ எழுதியதில் இரண்டு வரி குறைகிறதாம். லூயியின் சாவுக்கும் மணி வந்ததற்கும் இடையில். அந்த வரிகளை எனக்கு எழுதித் தந்தார்: ‘மழைக்காலத்தில் காட்டு வழியே ஆளை அனுப்ப வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள், கேளாமல் லூயியை அனுப்பியவன் நான். அதை அவருடைய தாயாருக்கும் எழுதிவிட்டேன்.’

மறந்து விட்டிருப்பாய் என்று பாதரிடம் சொன்னேன். நீ சின்ன வயதிலிருந்தே எழுத்தில் கவனமானவன். ஏன் தம்பி விட்டாய்?

அன்பு அக்கா
சவரியம்மாள்


பாரிஸ்
20.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். உடம்பு பரவாயில்லை. வேலை கூடிவிட்டது. அந்த இரண்டு வரிகளும் வாசிக்கும்போது தவறியிருக்கலாம். பாதர் சேர்த்துக்கொள்ளட்டும்.

புத்தகத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

டேமியன்


சேசு மரி சூசை துணை

பாலையடிக்குளம்
02.06.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் சின்னக் கடிதம் வந்தது. ஆறு வாரம் பார்த்தேன், ‘பிறகு’ வரவில்லை. சுகமில்லையோ என்று பயந்து லக்ஷனாவைக் கொண்டு போன் எடுப்பித்தேன். நீ எடுக்கவில்லை.

உன்னை நான் நெருக்கவில்லை. புத்தகத்தைக் காப்பாற்றவில்லை என்று உனக்கு மனவருத்தம் போலிருக்கிறது. அதனால்தான் எழுதக் கூசுகிறாய் என்று நினைக்கிறேன். கூச வேண்டாம். அன்றைக்கு நீயும் பெரிய சுவாமியும் மடத்தில் கிடந்த பதினொரு நோயாளிகளை உயிரோடு அனுப்பி வைத்தீர்கள். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான்? உன்னைக் குறை சொல்ல இந்த ஊரில் ஒருவரும் இல்லை.

குறை சொல்வதென்றால் நான் என் மனுசனைத்தான் சொல்வேன். மடத்தில் உங்களோடு உதவிக்கு நிற்கிறேன் என்று என்னிடம் சொல்லி நின்றவர். மாட்டுப் பின்னால் ஓடாமல் உங்களோடு நின்றிருந்தால் அந்தப் புத்தகத்தை அவர் தோளில் தூக்கி வந்திருக்கலாம். கோவிலும் இன்று கையைவிட்டுப் போகாது. விசாரணையில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதையே சொல்லப் போகிறேன். புத்தகம் எப்படித் தவறியது என்று கேட்டால், என் புருஷன் மாட்டை நினைத்தார், கோவிலை நினைக்கவில்லை, அதனால் தவறியது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்வேன். எனக்கு இனி என்ன வெட்கம்?

மருந்தை ஒழுங்காக எடு.
அன்பு அக்கா
சவரியம்மாள்


லா சப்பல், பாரிஸ்
29.06.2025

அக்கா,

இதை உட்கார்ந்து வாசியுங்கள். லக்ஷனா பக்கத்தில் இருக்கட்டும்.

விசாரணையில் அப்படிச் சொல்லாதீர்கள். அத்தான் மாட்டுக்குப் போகவில்லை. மாடுகளை அவர் முதல் நாளே, உங்களை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி அனுப்பிய கையோடு, அவிழ்த்து விட்டுவிட்டார்.

அந்த ஆனி 22ஆம் திகதி காலையில் நோயாளிகளை அனுப்பிவிட்டு, பெரிய சுவாமியும் அத்தானும் நானும் நடந்து குளக்கட்டைத் தாண்டி மதகடிக்கு வந்துவிட்டோம். ஷெல் அடி அப்போது கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அங்கே வைத்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பின்னறைப் பெட்டிக்குள் ஞானஸ்நானப் புத்தகம். அதை எடுத்து வைக்கும் பொறுப்பு என்னுடையது. மறந்துவிட்டேன்.

“ஐயோ சுவாமி, புத்தகம்” என்றேன்.

“விடு. உயிர் இருந்தால் வேறை எழுதலாம்” என்றார் பெரிய சுவாமி.

நான் விடவில்லை, அக்கா. ஐம்பது வருஷத்துப் பெயர்கள் என்றேன். சொன்னேனே தவிர, திரும்பிப் போக என் கால் எழவில்லை. எனக்குப் பயம். அத்தானைப் பார்த்து, “உங்கடை கால் கெதி. ஒருக்கா ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வருவியளே?” என்று கேட்டேன். நான்தான் கேட்டேன். அவராக ஒன்றும் சொல்லவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் பயம் அவருக்கு விளங்கியிருக்கும். “நீ சுவாமியோடை நில்லு. நான் போட்டு வாறன்” என்றார்.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். குளக்கட்டில் தூரத்தில் அவரைக் கண்டேன். சாரத்தைக் கழற்றிப் புத்தகத்தைச் சுற்றி, உள்ளே போட்டிருந்த காற்சட்டையோடு, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். என்னைக் கண்டதும் கையை ஆட்டினார். மதகுக்கு இருபது யார் தூரம் இருக்கும். ஒரே ஒரு ஷெல். எந்தப் பக்கத்தால் வந்ததென்று இன்றுவரை தெரியாது.

நான் ஓடிப் போகும்போது உயிர் இருந்தது. வயிறு போய்விட்டது. புத்தகத்தை விடவில்லை. பெரிய சுவாமி மண்டியிட்டுக் கடைசி எண்ணெய் பூசுதல் கொடுத்தார். அத்தான் என் கையைப் பிடித்து, “இந்தா வந்திட்டனெண்டு சவரிட்டைச் சொல்லு” என்றார். அதோடு உயிர் போனது.

மதகுக்குப் பக்கத்தில், தெருவின் மேற்குப் பக்கம், ஒரு பங்கர் குழி வெட்டியிருந்தது. அதற்குள் அவரைக் கிடத்தி, இரண்டு பேரும் கையால் மண் தள்ளி மூடினோம். ஒரு தடியை முறித்துச் சிலுவை கட்டி வைத்தோம்.

நீங்கள் இடம்பெயர்ந்து தங்கியிருந்த பள்ளிக்கூட வாசலில் நின்றீர்கள். “அவர் எங்கை?” என்றீர்கள். நான் அனுப்பினேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். “மாடு அவிழ்க்கப் போனவர் அக்கா, பின்னாலை வருவார்” என்று வந்தது. அடுத்த நாள் சொல்வோம் என்று நினைத்தேன். அடுத்த நாள் நீங்கள் அதையே பத்துப் பேரிடம் சொல்லிவிட்டீர்கள். பெரிய சுவாமி, “நீயாகச் சொல்லு, நான் சொன்னால் உன்னை அவள் தம்பியாய்ப் பார்க்க மாட்டாள்” என்று என்னை வற்புறுத்திக்கொண்டே இருந்தார். அவரும் அடுத்த வருஷம் போய்விட்டார். அகதி முகாமில் யாரோ அத்தானை ஆஸ்பத்திரியில் கண்டதாகச் சொல்ல, நீங்கள் கும்பிட்டு அழுதீர்கள். அதற்குப் பிறகு எனக்கு வாய் இல்லாமல் போனது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். குருவானவர் கேட்டுவிட்டு, “முதலிலை உம்மடை அக்காவிட்டைச் சொல்லும், பிறகு வாரும்” என்றார். நான் திரும்பிப் போகவில்லை. அங்கியைக் கழற்றியது அதனால்தான்.

புத்தகம் என்னிடம் இருக்கிறது. முகாமில் ஒரு கன்னியாஸ்திரியிடம் ஒப்படைத்தேன். நான் பாரிசு வந்த மறு வருஷம் அவர் தபாலில் அனுப்பி வைத்தார். பதினாலு வருஷமாக என் கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள் கிடக்கிறது. ஒகுஸ்த் சுவாமியின் கடிதம் உதவினால் இதை வெளியே எடுக்காமல் விட்டுவிடலாம் என்று நம்பித்தான் நான்கு கிழமை அலைந்தேன். அந்த இரண்டு வரியையும் தியரி இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். ஒகுஸ்த் சுவாமி லூயியின் தாயாருக்கு எழுதியிருக்கிறார். நான் உங்களுக்கு எழுதவில்லை. அதை என் கையால் தமிழில் எழுத முடியவில்லை.

சார்செலில் இருக்கும் சிவாஜினி அடுத்த கிழமை ஊருக்கு வருகிறார். அவரிடம் புத்தகத்தையும் அதைச் சுற்றியிருந்த சாரத்தையும் கொடுத்து விடுகிறேன். நான் சொன்ன எல்லாவற்றையும் சாட்சியாகக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். பாதர் எல்லோருக்கும் முன்னால் வாசிக்கட்டும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை.

டேமியன்


லா சப்பல், பாரிஸ்
21.09.2025

அக்காவுக்கு,

சுகமாயிருக்கிறீர்களா? புத்தகத்தை உங்கள் கையிலேயே கொடுத்ததாகச் சிவாஜினி சொன்னார். நீங்கள் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்களாம். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. லக்ஷனாவும் என் போனை எடுப்பதில்லை.

ஏசியாவது ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் சொன்னால் நான் வந்து இடத்தைக் காட்டுகிறேன்.

டேமியன்


பாலையடிக்குளம்
24.11.2025

டேமியனுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுத ஐந்து மாதம் ஆனது. இதற்கு முன் என்னால் பேனை பிடிக்க முடியவில்லை.

சாரத்தைப் பிரித்ததும் அது அவருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கரை கிழிந்த இடத்தில் நான் போட்ட தையல். கறுப்பு நூல் இல்லாமல் நீல நூலால் தைத்தது. தபாலில் பிந்தி வந்த உன் கடிதத்தை அதற்குப் பிறகுதான் வாசித்தேன். லக்ஷனா கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டு என் மடியில் வந்து விழுந்தாள். இருபத்தொன்பது வயதுப் பிள்ளை, “அப்பா மாட்டுக்குப் போகேல்லையே அம்மா? உண்மையா போகேல்லையே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய வாயசைவைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. எத்தனை தரம் கேட்டாள் என்று தெரியாது.

விசாரணைக்குப் போனோம். புத்தகத்தை மேசையில் வைத்தோம். அட்டையிலிருந்த கறையைப் பார்த்துவிட்டு அந்த அதிகாரி, “இது என்ன?” என்று கேட்டார். பாதர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, “அது என்ரை புருஷன் சுவக்கீன்ரை ரத்தம். இந்தப் புத்தகத்தை எடுக்கப் போய்ச் செத்தவர்” என்று சொன்னேன். என் குரல் எனக்குக் கேட்பதில்லை. அதனால் கத்தியிருப்பேன் போலிருக்கிறது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு அந்த அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் 2008 வைகாசி 11, ஒரு பெண் குழந்தை.

ஐப்பசியில் முடிவு வந்தது. கல்லைப் பிடுங்கிப் பின்னால் நட்டார்கள். கோவிலும் சேமக்காலையும் எங்களுக்கு. மடம் இருந்த இடம் காட்டோடு போய்விட்டது. நீ இருந்த அறையின் சுவரும் கல்லுக்கு அப்பால்தான்.

கார்த்திகை இரண்டாம் திகதி அவருடைய ஆத்துமத்துக்கு முதல் பூசை வைத்தோம். பதினேழு வருஷம் பிந்தி. கொட்டகையிலிருந்து படத்தை எடுத்து வந்துவிட்டேன். அங்கே இருக்கும் பெண்களில் ஒருத்தி, “உனக்காவது தெரிஞ்சுதே” என்று என் கையைப் பிடித்தாள்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ பயந்தது குற்றமில்லை. அன்று பயப்படாதவன் யார்? அவரை அனுப்பியதும் ஒரு நாள் எனக்கு ஆறக்கூடும். அவர் என்னைக் கேட்டிருந்தாலும், போய் எடுத்து வாருங்கோ என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் நீ அவரை நான் ஏச விட்டாய். கொட்டிலில் ஏசினேன், முகாமில் ஏசினேன், பிள்ளைக்கு முன்னால் ஏசினேன், உனக்குக் கடிதத்திலும் ஏசினேன். நீ கேட்டுக்கொண்டு இருந்தாய். “வந்திட்டன்” என்று சொல்லி அனுப்பிய மனுசனை, வராமல் போனாயே என்று பதினேழு வருஷம் ஏசியிருக்கிறேன். அதற்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

பாதர் உன்னை மன்னிக்கச் சொல்கிறார். அவருடைய முகத்துக்காக ஓம் என்று தலையாட்டினேன். மனதில் வரவில்லை. பொய் எழுத எனக்கு விருப்பமில்லை. நீ வர வேண்டாம். இடத்தை நானே போய்ப் பார்த்தேன்.

லக்ஷனாவும் நானும் போன கிழமை மதகடிக்குப் போனோம். பழைய மதகு இல்லை. சீமெந்தில் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். தெருவை இரண்டு பக்கமும் அகலமாக்கித் தார் போட்டாயிற்று. நீ சொன்ன மேற்குப் பக்கம் இப்போது தெருவின் நடுவுக்கு வந்துவிட்டது. தெருப் போட்டவர்கள் மண்ணை எங்கே தள்ளினார்கள், அதற்குள் என்ன கிடந்தது என்று சொல்ல ஆளில்லை. பூ வைக்கவும் இடமில்லை, வாகனம் ஓடுகிறது. லக்ஷனா அழுதுகொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள். நான் தெருக்கரையில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பட்டினத்து பஸ் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றது. கொண்டக்டர் பெடியன் கையைக் காட்டி ஏறச் சொன்னான். நான் ஏறவில்லை. எனக்குக் காது கேட்காதென்று கண்டு, இறங்கி வந்து காதுக்குள் கத்தினான்: “ஆரையம்மா பாத்துக்கொண்டு நிக்கிறியள்?”

பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் எட்டிப் பார்த்தது.

“ஒருத்தரையும் இல்லைத் தம்பி,” என்றேன். “நீங்கள் போங்கோ.”

சவரியம்மாள்